ஆறு வயதில் ராணியானவள்

எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குப் பெண்கள் மட்டும் நடிக்கிற நாடகம் ஒன்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். புராணக் கதை ஏதாவது வரும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் ஒரு பிரெஞ்சு இளவரசியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மைசூரில் ஒரு பி.யு. காலேஜில், அதாவது ப்ளஸ் டூ வகுப்புகளுக்கு, சரித்திரம் நடத்துகிறேன். அப்பா ரயில்வே வேலையாக இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இந்த ஊரில்தான். ஒருநாள் இங்கிலாந்து அரசர்களைப் பற்றிய பாடத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஆட்சியைப் பறிகொடுத்த ஒரு ராஜாவைப் பற்றிய பத்தியில், அவருடைய இரண்டாவது மனைவிக்கு அப்போது ஒன்பது வயது என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அடுத்த வரியில் ராஜா சிறைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் எங்கே போனாள் என்று புத்தகம் சொல்லவில்லை. அன்று வகுப்பு முடிந்தும் அவள் என்னை விடவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டிய நேரத்தில் எல்லாம் அவளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மன்றத்துச் செயலாளர் வீட்டு ஹாலில், காபிக்கு நடுவே, அந்தக் கதையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அறுநூறு வருடத்துக்கு முந்தைய கதை. அவள் பிரான்ஸ் ராஜாவின் மகள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் போர். போரை நிறுத்த ஒரு கல்யாணம் வேண்டியிருந்தது. இங்கிலாந்து ராஜாவுக்கு முப்பதை நெருங்குகிற வயது, முதல் மனைவி இறந்திருந்தாள். தூதர்கள் பெண் பார்க்க வந்தபோது இவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அவர்களில் மூத்தவர் முழங்கால் போட்டு, "எங்களுக்கு ராணியாக வருவீர்களா?" என்கிற மாதிரி கேட்டிருக்கிறார். பக்கத்தில் யாரும் எடுத்துக் கொடுக்காமலே, கடவுளுக்கும் அப்பாவுக்கும் சம்மதமென்றால் தனக்கும் சம்மதம், அப்படி வந்தால் தான் ரொம்பப் பெரிய சீமாட்டியாகிவிடுவதாகச் சொல்கிறார்கள் என்று பதில் சொன்னாளாம். அதோடு விடவில்லை. அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து எழுப்பி, தன் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாளாம்.

"ஒண்ணாங்கிளாஸ் குழந்தை!" என்றார் செயலாளர்.

"ஆமாம். அந்த வயசிலேயே கடல் தாண்டிப் போனாள்."

ராஜா அவளைக் குழந்தையாகவே நடத்தினார். தனி அரண்மனை, தனி ஆயாக்கள், பாடம் சொல்லிக்கொடுக்க ஆள். அவ்வப்போது வந்து பார்ப்பார், பரிசு கொண்டுவருவார், உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். மூன்று வருடம் போல அப்படிப் போயிற்று. பிறகு அயர்லாந்தில் கலகம். கிளம்புகிற அன்று அவளைத் தூக்கி மறுபடி மறுபடி முத்தம் கொடுத்து, பின்னாலேயே உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அவருடைய சித்தப்பா மகன் நாட்டைப் பிடித்துக்கொண்டான். ராஜா சிறையிலேயே செத்தார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவளுக்குப் பத்து வயது.

புது ராஜா அவளை அனுப்ப மனமில்லாமல் வீடு வீடாக மாற்றி வைத்தான். தன் மகனுக்கே அவளைக் கட்டி வைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. இதற்கிடையில் ஒரு கூட்டம் வந்து, பழைய ராஜா தப்பித்துவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்று அவளிடம் சொன்னது. அதை நம்பி, தன் வேலைக்காரர்கள் சட்டையில் குத்தியிருந்த புது ராஜாவின் சின்னங்களைத் தன் கையாலேயே பிய்த்துப் போட்டாள் என்கிறார்கள். அது பொய்ச் செய்தி. கலகம் அடங்கிவிட்டது. ஆனாலும் அந்த மகனைக் கட்டிக்கொள்ள அவள் ஒப்பவில்லை. கறுப்பு உடுத்திக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தாள். பத்து, பதினோரு வயதுக் குழந்தை, கையில் படையில்லை, பக்கத்தில் சொந்தக்காரர்கள் இல்லை. ஒரு நாட்டின் ராஜாவே கடைசியில் அலுத்துப்போய் அவளைக் கப்பலேற்றி விட்டான்.

ஹாலில் இருந்தவர்கள் "அப்பாடா" என்றார்கள். ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஒருத்தி மட்டும், "அவளைக் கூட்டிட்டுப் போக அவங்க அப்பா வந்தாருங்களா?" என்று கேட்டாள்.

"அவர் வரவில்லை. ஆட்களை அனுப்பினார்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அவளை எனக்கு அதுவரை முகம் மட்டும்தான் தெரியும். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீஷியன். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி. நாற்பதைத் தாண்டியவள், நல்ல உயரம், காட்டன் சேலையின் மடிப்பு ஒரு இடத்தில்கூட நழுவாது. விழாக்களில் பந்தி பரிமாறுவாள், மேடைப் பக்கம் வந்ததே இல்லை. வேஷம் பிரித்துக் கொடுக்கிறபோது, ஆறு வயது ராணியாக ஒரு பேங்க் அதிகாரியின் மகளைப் போட்டோம். வளர்ந்த ராணிக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் ராஜா வேஷம் வேண்டும், தாடி வேண்டும்.

"நான் பண்றேனுங்க்கா" என்றாள் அவள்.

"வசனம் நிறைய இருக்குமே?"

"பாத்துக்கலாங்க்கா."

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. பேங்க் அதிகாரியின் மகளுக்குக் கன்னடம்தான் நாக்கில் ஓடும். "நான் பெரிய சீமாட்டி ஆவேன், அல்வா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். கேள்வியாகக் கேட்காதே, உறுதியாகச் சொல் என்று எவ்வளவு சொல்லியும் அந்த 'அல்வா' போகவில்லை. 'இல்லையா' என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு அது தின்கிற அல்வாவாகக் கேட்கும். விட்டுவிட்டோம். புது ராஜாவாக நடித்தவர் தபால் இலாகாவில் ரிட்டயரான அம்மா. குரல் தெருமுனை வரை கேட்கும்.

இரண்டாவது ஞாயிறு, மறுக்கிற காட்சிக்கு வந்தோம். அதற்காக நான் ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். எனக்கே பிடித்துப்போன வசனம். 'ஒரு மகுடத்துக்காக இன்னொரு மகுடத்தை மறப்பவள் அல்ல நான்' என்று ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். அவள் முழுவதையும் தப்பில்லாமல் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் என்னிடம் வந்து, "அக்கா, இது சரியில்லீங்க்கா" என்றாள்.

"உச்சரிப்பா?"

"இல்லீங்க்கா. இத்தனை பேச மாட்டாளுங்க. பேசினா அவங்க பதில் சொல்லுவாங்க. நாம ஒண்ணு சொன்னா அவங்க ஒம்பது சொல்லுவாங்க. கடைசியில் நம்ம பேச்சை வச்சே நம்மளை மடக்கிருவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மற்றவர்கள் டீ குடிக்க உள்ளே போயிருந்தார்கள். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எனக்குப் பதிமூணு வயசுல கல்யாணம் ஆச்சுங்க்கா" என்றாள். "இப்ப இருக்கற வீட்டுக்காரரு இல்ல. அது முந்தி. ராமாபுரத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்து வீடு. அந்த மனுசன் நல்லவருங்க்கா, பொய் சொல்லக் கூடாது. என்னைச் சின்னப்புள்ளையாட்டமே வச்சிருந்தாரு. சந்தைக்குப் போனா பொரி உருண்டை வாங்கிட்டு வருவாரு. நான் மாமியாகூடத்தான் படுத்துக்குவேன். லாரி ஓட்டிட்டிருந்தாரு. ஒருநா பாலாறு தாண்டி மேட்டூர்ப் பக்கம் லோடு ஏத்திட்டுப் போனவரு, திரும்பி வல்ல. வண்டி கவுந்துருச்சு. எனக்குப் பதினஞ்சு."

நான் கையிலிருந்த பிரதியை மடித்து வைத்தேன்.

"காரியம் முடிஞ்சதும் தம்பிக்காரனுக்கே என்னைக் கட்டிருலாம்னு பேசிட்டாங்க. வீட்டுப் புள்ளை வீட்டுலயே இருக்கட்டும்னு. எங்கப்பாவும் சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. மொத மொதல்ல நானும் பேசித்தான் பாத்தேன். அழுதேன், கெஞ்சுனேன். அதுக்கெல்லாம் அவங்ககிட்ட பதில் இருந்துச்சு. அப்பறம் பேசறதை விட்டுட்டேன். மாட்டுக் கொட்டாய் ஓரமா போயி உக்காந்துக்குவேன். வேலை சொன்னா செய்வேன். சோறு போட்டா திம்பேன். யாரு எது கேட்டாலும் ஒரே வார்த்தை, எங்கூட்டுக்குப் போறேன். அவ்வளவுதான். அடிச்சாலும் அதான், கொஞ்சுனாலும் அதான். மழைக்காலம் பூரா அப்படியே இருந்தேன்."

"அப்புறம்?"

"எங்க ஊருக்கு ஓடற பஸ்ஸுல கண்டக்டர் ஒருத்தரு. அவருதான் எங்கப்பாகிட்டப் போயி, உம்புள்ளை பேச்சையே மறந்துட்டாளாட்ட இருக்குதுன்னு சொல்லிருக்காரு. மக்யாநாளு, விடிஞ்சதும் அப்பா வந்துட்டாரு. வந்து நின்னு, கெளம்பு கண்ணுன்னாரு. நான் செருப்புக்கூடப் போடலீங்க்கா."

அதற்குப் பிறகு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எட்டு, ஒன்பது, பத்து என்று விட்ட இடத்திலிருந்து பிடித்து, மைசூரில் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமா முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்தவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு, ஒரு மகளும் பெற்று, இன்றைக்கு இந்த ஹாலில் நிற்கிறாள். இதையெல்லாம் அவள் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். நான் என் ஒரு பக்க வசனத்தை அங்கேயே கோடு போட்டு அடித்தேன்.

"அப்படியானால் நீயே சொல். அவள் என்ன பேசணும்?"

"மேடையில நின்னா வருங்க்கா."

இன்னொரு விஷயத்திலும் அவள் சொன்னதே நடந்தது. ராணி கப்பலேறி வீட்டுக்கு வருவதோடு நாடகத்தை முடித்துவிடலாம், விழாவில் எதற்குச் சாவு என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஏனென்றால் ராணியுடைய மிச்சக் கதை சுகமானதில்லை. பதினாறு வயதில் மறுபடி கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை அவளைவிடச் சின்னவன், உறவுக்காரப் பையன். ராணியாக இருந்தவள் இப்போது ஒரு சிற்றரசன் மகனுக்கு மனைவியா என்று அந்தக் கல்யாணத்தில் அழுதாளாம். அடுத்த வருடமே அவளுடைய மாமனாரைப் பாரிஸ் தெருவில் வெட்டிக் கொன்றார்கள். மாமியாரும் அவளும் கறுப்பு உடுத்திக்கொண்டு அவள் அப்பாவின் அரண்மனைக்கே போய் நியாயம் கேட்டார்கள். பத்தொன்பது வயதில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு அவள் இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

"அதையும் வச்சிருங்க்கா" என்றாள் அவள். "இல்லாட்டி, வீடு வந்து சேந்தா எல்லாம் சரியாப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. வீட்டுக்கு வந்தும் எவ்வளவு இருக்குது."

அதனால் முழுக் கதையும் போட்டோம்.

விழா அன்று ஹால் நிரம்பியிருந்தது. பழைய திரைச்சீலைகளைக் கிழித்துத் தைத்த கவுன்கள், சாம்ராஜ்யத்துக்கு ஒரே சிம்மாசனம், அதுவும் கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு எடுத்தது. சின்ன ராணி தூதரைக் கைபிடித்து எழுப்பி, "நான் பெரிய சீமாட்டி ஆவேன், அல்வா?" என்றதும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பிரியம் இருந்தது. ராஜா அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிற இடத்தில் ஹால் அடங்கிப்போனது. போகிறவர் திரும்பி வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல.

அடுத்த காட்சியில் எக்ஸ்ரேக்காரி வந்தாள். நகை ஒன்றும் இல்லாமல் கறுப்பு உடை. புது ராஜா, நம் தபால் இலாகா அம்மா, தாடியை நீவிக்கொண்டு மேடையை அதிரவைத்தார். என் மகனைப் பார், அவன் வீரத்தைப் பார், உனக்கு என்ன குறை, மறுபடி ராணியாவாய், யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம். அவள் நிமிர்ந்து நின்றாள். எங்கேயும் பார்க்கவில்லை. ராஜா மறுபடி கேட்டார். பதில் இல்லை. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கிறவர் கையில் இருந்தது பழைய பிரதி. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, "ஒரு மகுடத்துக்காக! ஒரு மகுடத்துக்காக!" என்று உரக்கவே கிசுகிசுத்தார். முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

அவள் அந்தச் சிரிப்பு முழுவதும் ஓயும்வரை நின்றாள். பக்கத்தில் நின்ற சேவகனின் மார்பில் குத்தியிருந்த தங்கக் காகிதச் சின்னத்தை எடுத்தாள். அதைக் கிழிக்கவில்லை, கசக்கவில்லை. சிம்மாசனத்தின் கைப்பிடியில் வைத்தாள்.

"என்னைய எங்கூட்டுல கொண்டுபோயி உட்ருங்க" என்றாள்.

மற்ற எல்லாரும் மேடைத் தமிழ் பேசிக்கொண்டிருந்த நாடகத்தில், அவள் மட்டும் தன் ஊர்ப் பேச்சில் சொன்னாள். ராஜா மிரட்டினார். அவள் மறுபடி அதையே சொன்னாள், கொஞ்சமும் குரல் ஏறாமல். ராஜா கெஞ்சினார். அதே வாக்கியம், அதே குரல். தபால் இலாகா அம்மாவுக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்கவில்லை. நிஜமாகவே திணறி, "சரி, போ" என்று விட்டார். அது பிரதியில் இல்லாத வரி. கைதட்டல் எழுந்தபோது நான் பக்கவாட்டுக் கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தேன்.

பந்தலில் சாப்பாடு. பிசிபேளேபாத்தும் தயிர்சாதமும். வரிசையில் நிற்காமல் ஒரு பெரியவர் ஓரமாக நின்றார். எழுபதைத் தாண்டிய ஆள், வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. அவளுடைய அப்பா. மகள் நடிக்கிறாள் என்று பேத்தி போனில் சொல்லியிருக்கிறாள். கௌதள்ளியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். என்னிடம் வந்து கும்பிட்டார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அந்தப் புள்ளையோட அப்பனும் ராசாதானுங்களே. படை இருக்கும், கப்பல் இருக்கும். அப்பறம் ஏனுங்க அத்தனை நாளு போயிக் கூட்டியாரல?"

"அவருக்கு மனநோய் இருந்தது ஐயா. வந்து வந்து போகும். பெண்டாட்டி பிள்ளைகளையே அடையாளம் தெரியாது. தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, யாராவது தொட்டால் உடைந்துவிடும் என்று பயப்படுவாராம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அப்படி ஒரு சீக்கும் இல்லீங்களே" என்றார்.

அதற்குள் அவள் கையில் தட்டோடு வந்துவிட்டாள். முகத்தில் பவுடர் பாதி கலைந்திருந்தது. அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"வந்தீங்கல்லப்பா" என்றாள்.

"மழைக்காலம் பூரா..."

"வந்தீங்கல்ல. புடிங்க, சோறு ஆறிப்போவுது."

தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் பக்கத்திலேயே நின்று, அப்பளம் வேணுமா, இன்னும் கொஞ்சம் தயிர்சாதம் வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்துவிட்டேன்.

பல வருடமாக அந்த இளவரசியைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் 'பாவம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்தொன்பது வருட வாழ்க்கை, அதில் அவளைக் கேட்டு நடந்தது எதுவுமே இல்லை. ஆனால் அவளைக் கேட்காமல் நடக்க இருந்த ஒன்றை அவள் நடக்கவிடவில்லை. பிற்பாடு அவளுடைய தங்கைதான் புது ராஜாவின் அதே மகனைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு ராணியாகப் போனாள். அப்படியென்றால் அக்காள் மறுத்ததற்கு என்ன பலன் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அவள் தனக்காக மறுத்தாள், அது அவளுக்குப் பலித்தது என்று இப்போது சொல்கிறேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை.

நாடகம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து அவள் போன் செய்தாள். அப்பா இன்னும் அவள் வீட்டிலேயே இருக்கிறாராம். முன்னெல்லாம் வந்தால் அன்றைக்கே கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவாராம்.

"அக்கா, அப்பாவுக்கு ஒரு சந்தேகம். மூணு நாளா என்னைத் தொளைக்கறாரு. அந்த ராணி பெத்தாளே, அந்தக் கொழந்தை என்ன ஆச்சுன்னு."

"நன்றாக வளர்ந்தாள் என்று சொல். கல்யாணமும் ஆயிற்று."

அவள் அதைத் திரும்பி அவரிடம் சொல்வது கேட்டது. அவர் என்னவோ கேட்டார்.

"எத்தனை வயசுலன்னு கேக்கறாருங்க்கா."

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "பதினாலோ பதினஞ்சோ" என்றேன்.

அதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். போனில் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அது நின்றதும் பெரியவரின் குரல் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அத்தனை பட்ட பெறகுமா? அந்த ஊருல ஒருத்தனுக்குக்கூடவா புத்தி வல்ல?"

"நீங்களே வந்து டீச்சரக்காகிட்டக் கேளுங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே அவள் போனை அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, முதலில் நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.